மூட்டுவலி: வாசல்படியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மன்னார்குடிக்கும் திருத்துறைப்பூண்டிக்கும் இடையில் உள்ள ஊர்களில் 14 வருஷமாக வீடு வீடாகப் போய் பிசியோதெரபி செய்கிறேன். பக்கவாதம் வந்த பெரியவருக்குப் பயிற்சி கொடுத்துவிட்டுக் கிளம்பும்போது, அந்த வீட்டு அம்மா வாசல்படியில் நிறுத்தித் தன் கையை நீட்டுவார். அதற்குள் பக்கத்து வீட்டுக்காரர் லேப் ரிப்போர்ட்டோடு வந்துவிடுவார். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான். மருந்து எழுதுவது என் வேலை கிடையாது. ஆனால் சரியான டாக்டரிடம் ஒரு வருஷம் பிந்திப் போய்ச் சேர்ந்த கைகளை நிறையப் பார்த்துவிட்டேன். அந்த ஒரு வருஷத்தை மிச்சப்படுத்தத்தான் இதை எழுதி வைக்கிறேன். கேள்விகளை அவரவர் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

1. மூட்டுவலின்னா மூட்டுவலிதானே, அதுல என்னம்மா வகை?

நூற்றுக்கும் மேற்பட்ட நோய்கள் மூட்டில் வலியாகத் தெரியும். நம் ஊரில் அடிக்கடி பார்ப்பவை சில. வயதும் உழைப்பும் எடையும் சேர்ந்து வருகிற மூட்டுத் தேய்மானம். உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் மூட்டையே எதிரியாக நினைத்துத் தாக்குகிற முடக்குவாதம் (ஆங்கிலத்தில் ருமாட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ், சுருக்கமாக ஆர்.ஏ.). யூரிக் அமிலம் படிகமாக மூட்டில் படிகிற கவுட். சிக்குன்குனியா போன்ற காய்ச்சலுக்குப் பின் வரும் வலி. இளவயதில் முதுகுத்தண்டைப் பிடிக்கும் வாதம்.

ஒன்றுக்குக் கொடுக்கும் வைத்தியம் இன்னொன்றுக்கு உதவாது. அதனால் "வலிக்கு என்ன மாத்திரை?" என்பதற்கு முன்னால் "எனக்கு இருக்கிற நோய்க்கு என்ன பேர்?" என்று டாக்டரிடம் கேளுங்கள். பேர் சொல்லாமல் மருந்து மட்டும் மாதக்கணக்கில் ஓடினால் வேறொருவரையும் பாருங்கள்.

2. எனக்கு இருக்கறது தேய்மானமா முடக்குவாதமான்னு டெஸ்ட் எடுக்கறதுக்கு முன்னாடி தெரிஞ்சுக்க வழி இருக்கா?

ஓரளவு தெரியும். நான் முதலில் கேட்பது காலைப் பொழுதைப் பற்றி. எழுந்ததும் மூட்டு விறைப்பாக இருந்து, நாலு எட்டு நடந்ததும் பத்துப் பதினைந்து நிமிஷத்தில் இளகிவிட்டால் தேய்மானமாக இருக்க வாய்ப்பு அதிகம். அந்த வலி வேலை செய்யச் செய்யக் கூடும், உட்கார்ந்தால் குறையும். முடக்குவாதத்தில் விறைப்பு முக்கால் மணி, ஒரு மணி என்று நீளும். சும்மா இருந்தால் கூடும், புழங்கப் புழங்கக் குறையும்.

நாற்றுப் பறிக்கப் போகும் ஒரு அக்கா சொன்னதை மறக்க முடியாது. விடிகாலையில் நாற்றைப் பிடுங்கிவிடுகிறாராம், அதைக் கட்டாகச் சேர்த்து முடி கட்டத்தான் வரவில்லையாம். விரல் மடங்காது, நாற்று கையிலிருந்து நழுவும். பக்கத்தில் இருப்பவர் கட்டிக் கொடுக்க வேண்டும். ஒன்பது மணிக்கு மேல் அவரே கட்டுவார். முழங்கால் வலி என்று என்னிடம் வந்தவர் இதைப் போகிறபோக்கில் சொன்னார். நோயைக் காட்டிக்கொடுத்தது முழங்கால் அல்ல, அந்த நாற்று முடிதான்.

இன்னொரு அடையாளம், எந்தக் கணு என்பது. முடக்குவாதம் விரல் உள்ளங்கையோடு சேரும் கணுவையும் நடுக்கணுவையும் மணிக்கட்டையும் பிடிக்கும், பெரும்பாலும் இரண்டு கையிலும். நகத்தை ஒட்டிய கடைசிக் கணுவை அநேகமாக விட்டுவிடும். தேய்மானம் அந்தக் கடைசிக் கணுவில்தான் கெட்டியான முடிச்சாக வரும். கை குலுக்குவதுபோல் நாலு விரலின் அடிக்கணுவையும் சேர்த்து லேசாக அழுத்தும்போது சுருக்கென்று வலித்து, தொட்டால் மெத்தென்ற வீக்கமும் ஆறு வாரத்துக்கு மேல் இருந்தால், இனி தைலம் தேய்த்துக் காத்திருக்க வேண்டாம். பெண்களுக்கு ஆண்களைவிட இரண்டு மூன்று மடங்கு அதிகமாக வருகிறது. வயதானவர்களுக்கு மட்டும்தான் என்பது தவறு. 30 வயதிலும் வரும்.

3. வாயு போய் மூட்டுல அடைச்சிருக்குன்னு சொல்றாங்களே?

சித்த மருத்துவத்தில் வாதம் என்பது உடம்பை இயக்கும் வாதம், பித்தம், கபம் என்ற மூன்றில் ஒன்று. வயிற்றில் சேரும் காற்றும் அதுவும் ஒன்றல்ல. பேச்சுவழக்கில் இரண்டும் ஒன்றாகிவிட்டன. உருளைக்கிழங்கும் வாழைக்காயும் மூட்டைக் கெடுக்காது. புளி, தயிர், கத்தரிக்காய் எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு ரசஞ்சோறு மட்டும் சாப்பிட்டு மெலிந்துபோன பெண்களைப் பார்த்திருக்கிறேன். முடக்குவாதத்தில் ஏற்கெனவே ரத்தம் குறையும், சதை கரையும். பட்டினி போட்டால் இன்னும் மோசமாகும்.

சொடக்கு எடுக்கும்போது வரும் சத்தம் மட்டும் உண்மையிலேயே காற்றுக்குமிழி சம்பந்தப்பட்டது. மூட்டுத் திரவத்தில் கரைந்திருக்கும் வாயுவால் வருவது, கெடுதல் இல்லை.

4. ஆர்.ஏ. ஃபேக்டர் பாசிட்டிவ்னு வந்திருக்கு. அப்போ முடக்குவாதம்தானா?

அந்த ஒரு வரியை வைத்து முடிவு கட்ட முடியாது. நல்ல ஆரோக்கியமாக இருப்பவர்களில் சிலருக்கும், வயதானவர்களுக்கும், வேறு சில தொற்று உள்ளவர்களுக்கும் அது பாசிட்டிவாக வரும். இன்னொரு பக்கம், முடக்குவாதம் உள்ள நூறு பேரில் இருபது முப்பது பேருக்கு நெகட்டிவாகவே இருக்கும். ஆன்டி சி.சி.பி. என்ற சோதனை இதைவிட நம்பகமானது. ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. இரண்டும் உடம்பில் அழற்சி இருக்கிறதா என்று மட்டும் சொல்லும், எந்த நோய் என்று சொல்லாது.

ரிப்போர்ட் நெகட்டிவ், ஆனால் இரண்டாம் கேள்வியில் சொன்ன விறைப்பும் வீக்கமும் இருக்கிறது என்றால் உங்கள் கையை நம்புங்கள். டாக்டரிடம் காலை வேளையைப் பற்றி விவரமாகச் சொல்லுங்கள்.

5. ஏ.எஸ்.ஓ. கூடுதலா இருக்காம். மாசாமாசம் பென்சிலின் ஊசி போடச் சொல்லிட்டாங்க. எனக்கு 43 வயசு.

இந்தக் குழப்பம் ரொம்பப் பழையது, இன்னும் தீரவில்லை. ருமாட்டிக் காய்ச்சல் என்று ஒன்று உண்டு. தொண்டையில் ஒரு வகை பாக்டீரியா தொற்றி, இரண்டு மூன்று வாரம் கழித்து முழங்கால், கணுக்கால், முழங்கை என்று வலி தாவித் தாவி வரும். பெரும்பாலும் 5 முதல் 15 வயதுக்குள் இருக்கும் பிள்ளைகளுக்கு. மூட்டு தானாக ஆறிவிடும். ஆனால் இதய வால்வு கெட்டுப்போகலாம். அதைத் தடுக்கத்தான் மூன்று வாரத்துக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி. அந்தப் பிள்ளைகள் அதை ஒருநாளும் தவறவிடக் கூடாது.

ஏ.எஸ்.ஓ. என்ற ரத்தச் சோதனையில் அளவு கூடுதலாக இருந்தால் சமீபத்தில் அந்தக் கிருமி உடம்புக்குள் வந்து போயிருக்கிறது என்றுதான் பொருள். 43 வயதில் விரல் கணு வீங்கியவருக்கு அது நோயின் பெயரைச் சொல்லாது. பெயரில் ருமாட்டிக், ருமாட்டாய்டு என்று ஒரே ஓசை இருப்பதால் வந்த வினை. வேறொரு டாக்டரிடம் காட்டிவிட்டு முடிவெடுங்கள். ஊசி வலி ஒருபுறம் இருக்கட்டும், அந்த மாதங்களில் உண்மையான நோய் மூட்டைத் தின்றுகொண்டிருக்கும் என்பதுதான் என் கவலை.

6. ஒரு ஊசி போட்டா மறுநாளே வயல்ல இறங்கிடறேன். அதுல என்னங்க தப்பு?

கூலி வேலைக்குப் போகிறவர் இதைக் கேட்கும்போது எனக்குக் கோபம் வருவதில்லை. நடவு பதினைந்து இருபது நாள்தான், அந்த நாளை விட்டால் அந்தப் போகத்துக் கூலி போச்சு. ஆனால் அந்த ஊசியில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். பெரும்பாலும் டைக்ளோஃபெனாக் என்ற வலிமருந்து, கூடவே டெக்சாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு. இரண்டும் சேர்ந்தால் யாருக்கும் வலி குறையும், எந்த நோயாக இருந்தாலும் குறையும். நோய் அடங்கியது போலத் தோன்றும், உள்ளே மூட்டு அரிப்பது நிற்காது. எங்கள் ஊர்ப் பக்கம் மாதம் இரண்டு ஊசி என்று நாலு வருஷம் ஓட்டிய ஒரு அம்மாவுக்கு முகம் உப்பி, சர்க்கரை ஏறி, வாசலில் வழுக்கி உட்கார்ந்ததற்கே முதுகெலும்பு நொறுங்கியது.

டைக்ளோஃபெனாக் வகை மருந்துகளுக்குச் சிறுநீரகத்தோடு பகை. மேட்டூர் திறந்து குறுவை நடவு தொடங்குவது ஆனி வெயிலில். காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல், ஒதுங்க இடமில்லை என்பதற்காகவே குடிக்காமல், வரப்பில் நின்றபடி ஒரு வலி மாத்திரை. வற்றிய உடம்பில் இந்த மாத்திரை விழும்போது சிறுநீரகம் அடிபடும். பிரஷர் மாத்திரை, நீர் போகும் மாத்திரை எடுப்பவர்களுக்கு ஆபத்து இன்னும் கூடுதல். வயிற்றில் புண் வந்து மலம் தார் போலக் கறுப்பாகப் போனால் அது ரத்தம்.

7. அப்போ ஸ்டீராய்டே விஷமா? டாக்டர் எழுதின மாத்திரைய இன்னிக்கே நிறுத்திடறேன்.

நிறுத்தாதீர்கள். மூன்று வாரத்துக்கு மேல் தொடர்ந்து எடுத்த ஸ்டீராய்டைச் சட்டென்று விட்டால் பிரஷர் இறங்கி மயக்கம் வரும், உயிருக்கே ஆபத்தாகலாம். படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். உடம்பு தானாகச் சுரக்கும் ஸ்டீராய்டு மறுபடி சுரக்க நேரம் பிடிக்கும்.

நோயின் பேர் தெரிந்து, அளவு தெரிந்து, முடிக்கும் தேதி மனதில் வைத்து டாக்டர் கொடுப்பது வேறு. ஆறாம் கேள்வியில் சொன்ன பேரில்லாத ஊசி வேறு. மெதுவாக வேலை செய்யும் மருந்து பிடிக்கும்வரை சில வாரம் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு கொடுப்பது வழக்கமான, சரியான வைத்தியம்.

8. வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் மாத்திரையா? கூகுள்ல கேன்சர் மருந்துன்னு போட்டிருக்கே?

மெத்தோட்ரெக்சேட்டைச் சொல்கிறீர்கள். முடக்குவாதத்துக்கு உலகம் முழுவதும் முதலில் கொடுப்பது இதைத்தான். கேன்சருக்குக் கொடுக்கும் அளவு மிகப் பெரியது. இங்கே வாரம் 7.5 மில்லிகிராமில் தொடங்கி 25-க்குள். பயப்பட வேண்டியது மருந்துக்கு அல்ல, நாள் தவறுவதற்கு. வாரம் ஒருமுறை என்பதைத் தினமும் ஒருமுறை என்று எடுத்துக்கொண்ட ஒரு பெரியம்மா வாயெல்லாம் வெந்து, தண்ணீர் விழுங்க முடியாமல், ரத்த அணுக்கள் சரிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். சீட்டில் சரியாகத்தான் எழுதியிருந்தது. வீட்டில் படித்துச் சொல்ல ஆள் இல்லை.

ஒரு கிழமையை முடிவு செய்யுங்கள். அட்டையின் மேல் பேனாவால் "ஞாயிறு மட்டும்" என்று பெரிதாக எழுதுங்கள். காலண்டரில் மாத்திரை போட்ட தேதியை வட்டமிடுங்கள். மற்ற மாத்திரைகளோடு ஒரே டப்பாவில் போட வேண்டாம். கூடவே தரும் ஃபோலிக் ஆசிட் என்ற சத்து மாத்திரை வேறு நாளில், டாக்டர் சொன்னபடி. முதலில் சில வாரத்துக்கு ஒருமுறையும் பிறகு இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் ரத்த அணுக்கள், ஈரல், கிரியாட்டினின் பார்க்க வேண்டும். சாராயம் கூடாது. வாய்ப்புண், விடாத காய்ச்சல், புதிதாக வறட்டு இருமலோடு மூச்சு வாங்குதல் வந்தால் அடுத்த மாத்திரையைப் போடாமல் டாக்டரைப் பாருங்கள்.

ஆறு முதல் பன்னிரண்டு வாரம் கழித்துத்தான் பலன் தெரியும். மூன்றாம் வாரமே "கேட்கல" என்று விட்டவர்கள்தான் அதிகம்.

9. வலி போயிடுச்சு. இப்போ நிறுத்தலாமா?

வலி போனது மருந்தால். சர்க்கரைக்கும் பிரஷருக்கும் போல இதற்கும் நீண்ட நாள் மருந்து. நன்றாக அடங்கி மாதங்கள் ஆனபின் டாக்டரே அளவைக் குறைத்துப் பார்ப்பார். முதல் சில மாதங்களிலேயே அழுத்தமாக வைத்தியம் செய்தவர்களுக்கு இந்த வாய்ப்பு அதிகம். பீடி, சிகரெட் பிடிப்பவர்கள் அதை விட்டே ஆக வேண்டும். புகை இந்த நோயைக் கூட்டும், மருந்தின் வேலையைக் குறைக்கும்.

10. பொண்ணுக்கு இந்த நோய். கல்யாணம் பண்ணலாமா, குழந்தை பிறக்குமா?

பண்ணலாம், பிறக்கும். மறைத்து மட்டும் பண்ணாதீர்கள். மறைத்தால் புகுந்த வீட்டில் மாத்திரையையும் மறைக்க வேண்டிவரும், அப்புறம் நிறுத்திவிடுவாள்.

மெத்தோட்ரெக்சேட் கருவைப் பாதிக்கும். குழந்தைக்கு முயற்சி செய்வதற்குக் குறைந்தது மூன்று மாதம் முன்பே டாக்டரிடம் சொல்லி மாற்ற வேண்டும். லெஃப்ளுனோமைடு இன்னும் நீண்ட நாள் உடம்பில் தங்கும், அதை வெளியேற்றத் தனி மருந்து உண்டு. ஹைட்ராக்சிகுளோரோகுயின், சல்ஃபாசலசின் போன்றவற்றைக் கர்ப்பத்திலும் தொடரலாம். பல பெண்களுக்குக் கர்ப்ப காலத்தில் வலி குறைந்து, பிரசவத்துக்குப் பின் கூடும். தாய்வீட்டில் இருக்கும் அந்த மாதங்களில் மறுபடி டாக்டரைப் பார்க்க ஏற்பாடு வைத்துக்கொள்ளுங்கள்.

11. ராத்திரி நல்லாத்தான் படுத்தேன். விடியக்காலம் கால் கட்டைவிரல்ல நெருப்பு வெச்ச மாதிரி. போர்வை பட்டாக்கூட உயிர் போவுது.

இப்படிச் சொன்னால் முதலில் கவுட்டைத்தான் நினைக்க வேண்டும். நடுவயது ஆண்களுக்கு அதிகம், பெண்களுக்கு மாதவிலக்கு நின்ற பிறகு. ரத்தத்தில் யூரிக் அமிலம் வருஷக்கணக்கில் கூடி, படிகமாகி, ஒரு ராத்திரியில் மூட்டைக் கொளுத்தும். அந்த வேளையில் எடுத்த ரத்தப் பரிசோதனையில் யூரிக் அமிலம் சாதாரணமாகவே காட்டக்கூடும். அடங்கி இரண்டு வாரம் கழித்து மறுபடி பாருங்கள்.

சாராயத்தைக் குறைக்க வேண்டும், குறிப்பாக பீர். ஆட்டு ஈரல், குடல், மத்தி, நெத்திலி, இறால் ஆகியவற்றையும், பாட்டில் குளிர்பானத்தையும் குறைக்க வேண்டும். நாகப்பட்டினம் கரையோரத்தில் மீனை விடச் சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும். அளவையும் வகையையும் மாற்றினால் போதும். பருப்பையும் கீரையையும் நிறுத்தச் சொல்வார்கள், தேவையில்லை. அவற்றால் கவுட் கூடுவதாகத் தெரியவில்லை. மோரும் பாலும் நல்லது. உணவு மட்டும் போதாது என்றால் அலோபுரினால் அல்லது ஃபெபுக்சோஸ்டாட் எழுதுவார்கள். குறி, யூரிக் அமிலம் 6-க்குக் கீழ். தொடங்கிய சில மாதம் வலி வந்து போகலாம், அதற்குக் கொல்ச்சிசின் துணைக்கு வரும். அலோபுரினால் தொடங்கிய பின் தோலில் தடிப்போ வாயில் புண்ணோ வந்தால் அன்றே நிறுத்திவிட்டு டாக்டரிடம் போங்கள்.

12. செக்கப்புல யூரிக் ஆசிட் 7.8. வலி எதுவும் இல்ல. மாத்திரை வேணுமா?

வலியே வராதவருக்குப் பெரும்பாலும் தேவைப்படாது. எடை, சாராயம், நீர் போகும் பிரஷர் மாத்திரை ஆகியவற்றைப் பார்க்க வேண்டும், சிறுநீரகத்தையும் ஒருமுறை சோதிக்க வேண்டும். முழங்கால் தேய்மானம் உள்ளவருக்கு இந்த எண் கூடியிருந்தால் அவர் வலிக்கு அதுதான் காரணம் என்று ஆகிவிடாது.

13. சிக்குன்குனியா வந்து ஆறு மாசம் ஆச்சு. இன்னும் வீக்கம் போகல.

சிக்குன்குனியா என்பதே தான்சானியாப் பக்கத்து மக்கோண்டே மொழிச் சொல். வலியில் உடம்பு வளைந்து போவதைக் குறிப்பது. 2006-இல் தமிழ்நாட்டில் பரவியபோது ஊரே வளைந்து நடந்தது நினைவிருக்கும். பலருக்குச் சில வாரத்தில் போகும், சிலருக்கு மாதங்கள், ஒன்றிரண்டு வருஷம்கூட இழுக்கும். பார்க்க முடக்குவாதம் போலவே இருக்கும். மூன்று மாதம் தாண்டியும் விறைப்பும் வீக்கமும் இருந்தால் நாலாம் கேள்வியில் சொன்ன சோதனைகளைச் செய்து பாருங்கள். காய்ச்சல் அடிக்கும் நாட்களில் டெங்கு இல்லை என்று தெரியும்வரை பாராசிட்டமால் தவிர வேறு வலி மாத்திரை வேண்டாம்.

14. பையனுக்கு 24 வயசு. இடுப்பு வலி, டிஸ்க் விலகியிருக்குன்னு ரெண்டு வருஷமா பெல்ட் போட்டிருக்கான்.

அவனிடம் ஒன்று கேளுங்கள். வலி எப்போது அதிகம்? பின்னிரவில் எழுப்பிவிடுகிறதா, எழுந்து நடந்தால் குறைகிறதா? டிஸ்க் வலி படுத்தால் குறையும். இது படுத்தால் கூடும். 45 வயதுக்குள், மூன்று மாதத்துக்கு மேல் இப்படி இருந்தால் அது முதுகுத்தண்டைப் பிடிக்கும் அழற்சி வாதமாக இருக்கலாம். முதுகுத்தண்டு இடுப்பெலும்போடு சேரும் மூட்டை எம்.ஆர்.ஐ.யிலும், பி27 என்ற ரத்தச் சோதனையிலும் பார்ப்பார்கள். இடையில் கண் சிவந்து வெளிச்சம் பார்க்க முடியாமல் போனால் மெட்ராஸ் ஐ என்று சொட்டு மருந்து வாங்காதீர்கள், அதே நாளில் கண் டாக்டர்.

ஆறாம் கேள்வியில் வலிமருந்தை அவ்வளவு சொல்லிவிட்டு இதைச் சொல்வது முரணாகத் தெரியலாம். இந்த நோயில் அந்த வலிமருந்துகள்தான் முதல் வைத்தியம், டாக்டர் கண்காணிப்பில். கூடவே தினமும் பயிற்சி. பெல்ட்டும் படுக்கையும் இவனுக்கு எதிரி.

15. பொண்ணுக்கு மூட்டுவலியோட முடி கொட்டுது, வாய்ப்புண் ஆறவே மாட்டேங்குது.

வெயில் பட்டால் கன்னத்தில் சிவப்பு, கால் வீக்கம், சிறுநீரில் நுரை ஆகியவற்றையும் பாருங்கள். லூப்பஸ் என்ற நோய் சிறுநீரகத்தைச் சத்தமில்லாமல் பிடிக்கும். சாதாரணச் சிறுநீர்ச் சோதனையிலேயே முதல் தடயம் கிடைக்கும். தள்ளிப்போடாதீர்கள்.

16. முட்டி தேஞ்சுபோச்சுன்னு எக்ஸ்ரேல சொல்லிட்டாங்க. நடந்தா இன்னும் தேயுமாமே?

நடக்காவிட்டால்தான் கெடும். தொடையின் முன்சதை முட்டிக்கு முட்டுக்கொடுக்கும் கம்பு. அது இளைத்தால் எடை முழுக்க மூட்டில் இறங்கும். கட்டிலில் காலை நீட்டி உட்காருங்கள். முட்டிக்குக் கீழே ஒரு துண்டைச் சுருட்டி வையுங்கள். முட்டியால் துண்டை நசுக்குங்கள், தொடை கல்லாகும். ஐந்து எண்ணி விடுங்கள். ஒரு காலுக்குப் பத்து, காலை மாலை. ஆறு வாரம் விடாமல் செய்தவர்கள் படி ஏறும்போது வித்தியாசம் சொல்கிறார்கள். ஒரு கிலோ எடை குறைந்தால் ஒவ்வொரு அடிக்கும் முட்டியில் இறங்கும் பாரம் ஏறக்குறைய நாலு கிலோ குறையும்.

குந்தி உட்காருவதையும், சம்மணம் போட்டுப் பூக்கட்டுவதையும் முக்காலிக்கு மாற்றுங்கள். கால் வளைந்து, ராத்திரி வலியால் தூக்கம் கெட்டு, கடைத்தெருவரை நடக்க முடியாத நிலை வந்தால் மாற்று மூட்டு பற்றிப் பேசலாம். எக்ஸ்ரேயைப் பார்த்து மட்டும் ஆபரேஷனுக்கு அவசரப்பட வேண்டாம். ரிப்போர்ட் மோசமாக இருந்தும் நன்றாக நடப்பவர்கள் இருக்கிறார்கள்.

17. முடக்கத்தான் தோசை, நாட்டு மருந்துப் பொடி எல்லாம்?

முடக்கத்தான் வேலியில் கிடக்கும் நல்ல கீரை, நானும் தோசை வார்க்கிறேன். எண்ணெய் தேய்த்து வெந்நீர் ஒத்தடம் கொடுத்தால் இதமாக இருக்கும். எட்டாம் கேள்வியில் சொன்ன மருந்துக்குப் பதிலாக இவை நிற்காது. படித்த சித்த மருத்துவர் அரசு ஆஸ்பத்திரியிலேயே இருக்கிறார், அவரிடம் எடுக்கும் மருந்தையும் உங்கள் டாக்டரிடம் சொல்லுங்கள். பேர் இல்லாத பொட்டலத்தில், சாப்பிட்ட இரண்டாம் நாளே ஓட வைக்கும் பொடி என்றால் உள்ளே ஸ்டீராய்டு கலந்திருக்கலாம். அப்படி மாதக்கணக்கில் சாப்பிட்டவர்கள் ஏழாம் கேள்வியை மறுபடி படியுங்கள்.

18. எப்போ உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடணும்?

ஒரே ஒரு மூட்டு திடீரென்று வீங்கி, சுட்டு, காய்ச்சலும் இருந்தால் உள்ளே சீழ் பிடித்திருக்கலாம். அன்றைக்கே போக வேண்டும், சில நாளிலேயே மூட்டு அழியும். சர்க்கரை உள்ளவர்களும் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்களும் இன்னும் ஜாக்கிரதை. கறுப்பு மலம், இரண்டு கால் மரத்துச் சிறுநீர் போவதே தெரியாமல் இருப்பது, இவையும் அப்படித்தான்.

19. எந்த டாக்டரைப் பாக்கணும்? என்ன எடுத்துட்டுப் போகணும்?

எலும்பு முறிவு, ஆபரேஷன் என்றால் எலும்பு டாக்டர். இரண்டாம், பதினான்காம், பதினைந்தாம் கேள்விகளில் சொன்னது போல இருந்தால் வாதநோய் நிபுணர், ருமட்டாலஜிஸ்ட் என்று போர்டு இருக்கும். பக்கத்தில் இல்லாவிட்டால் தஞ்சாவூர், திருவாரூர் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் பொது மருத்துவப் பிரிவில் தொடங்குங்கள், தேவைப்பட்டால் அவர்களே மேலே அனுப்புவார்கள். படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு, 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபி வீட்டுக்கே வரும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பேர் கொடுங்கள்.

பழைய சீட்டு, ரிப்போர்ட், வெறும் மாத்திரை அட்டை எல்லாம் ஒரு பையில். டாக்டரிடம் உங்கள் முறை வருவதற்குள் மத்தியானம் ஆகிவிடும், வீக்கம் வடிந்திருக்கும், "கை நல்லாத்தானே இருக்கு" என்பார். அதனால் காலை எழுந்ததும், காபி குடிக்கும் முன், இரண்டு கையையும் முடிந்த மட்டும் மடக்கச் சொல்லி வீட்டில் யாரையாவது போனில் படம் எடுக்கச் சொல்லுங்கள். மணி தெரிகிற மாதிரி எடுக்கட்டும். ஒரு மணி நேரம் கழித்து இன்னொன்று. அந்த இரண்டு படத்தையும் டாக்டரிடம் முதலில் காட்டுங்கள்.